பேட்ஸி க்ளைன் ஹிட்ஸ் ஆல்பம்: கன்ட்ரி மியூசிக் புதுசா கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

கன்ட்ரி மியூசிக் கேக்கணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்ற ஒரே பதில் பேட்ஸி க்ளைனோட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம்தான். 1967ல டெக்கா கம்பெனி போட்டது, மொத்தம் 12 பாட்டு, எல்லாமே சின்னச் சின்னப் பாட்டு, அரை மணி நேரம் ஒதுக்கினா முழுசா கேட்டுடலாம். அமெரிக்கால 1 கோடி காப்பிக்கு மேல போய் டைமண்ட் சர்டிஃபிகேட் வாங்கின ஆல்பம் இது, அதுவும் பாடினவங்க இறந்து 4 வருஷம் கழிச்சு வந்தது.

ஹிட்ஸ் கலெக்‌ஷன்னாலே சில பேர் மூஞ்சிய சுளிப்பாங்க, ஒரிஜினல் ஆல்பமா கேக்கணும், இதெல்லாம் கம்பெனிக்காரன் காசு பாக்க போடறதுன்னு. ராக் பேண்டுக்கு வேணா அது பொருந்தும். 1950கள், 60கள்ல கன்ட்ரி பாடினவங்க கதையே வேற, அப்போ வியாபாரமே சிங்கிள்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு வர்ற சின்ன 45 ரெக்கார்டு, அதுதான் ரேடியோவுக்கும் ஜூக்பாக்ஸுக்கும் போகும், எல்பி, அதாவது நிறைய பாட்டு வர்ற பெரிய ரெக்கார்டு, அதெல்லாம் அப்புறம் ஒப்புக்கு சேக்கறது. பேட்ஸி உயிரோட இருந்தப்ப வந்த ஸ்டூடியோ ஆல்பமே மூணுதான்: 1957ல அவங்க பேர்லயே ஒண்ணு, 1961ல ஷோகேஸ், 1962ல சென்டிமென்டலி யுவர்ஸ். ஹிட்டான பாட்டுல பாதிக்கு மேல சிங்கிளா வந்ததுதான். அதனால இவங்க விஷயத்துல ஹிட்ஸ் ஆல்பத்துல ஆரம்பிக்கிறது குறுக்கு வழியே இல்ல, மெயின் ரோடே அதுதான்.

முதல்ல, ஆள் யாருன்னு ரெண்டு நிமிஷம்

நிஜப் பேரு வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. 1932 செப்டம்பர் 8ல வர்ஜீனியா மாநிலத்துல வின்செஸ்டர்ங்கற ஊர்ல பிறந்தாங்க. அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போய்ட்டார், அம்மா தையல் வேலை பாத்து வளத்தாங்க, பின்னாடி மேடைல போட்ட அந்த கௌபாய் ஸ்டைல் டிரஸ் எல்லாம் அம்மா கையால தச்சதுதான். பேட்ஸி ஸ்கூல விட்டுட்டு மருந்துக் கடைல வேலை பாத்துக்கிட்டே பாடினவங்க. நோட்ஸ் பாத்து வாசிக்கத் தெரியாது, எல்லாம் காதால புடிச்சதுதான்.

1957 ஜனவரில ஆர்தர் காட்ஃப்ரேவோட டிவி டேலண்ட் ஷோல பாடி ஒரே ராத்திரில நாடு முழுக்கத் தெரிஞ்ச முகம் ஆனாங்க, அப்புறம் மூணு வருஷத்துக்கு மேல ஒரு ஹிட்டும் கிடையாது, 1961ல திரும்ப எழுந்து வந்தாங்க, 1963 மார்ச் 5ல டென்னசி மாநிலத்துல கேம்டன்ங்கற ஊர் பக்கத்துல சின்ன பிளேன் விழுந்து செத்துப் போனாங்க. 30 வயசு. கார் ஆக்சிடெண்ட்ல இறந்த ஒரு ரேடியோ அறிவிப்பாளரோட குடும்பத்துக்கு உதவின்னு கான்சஸ் சிட்டில நடந்த கச்சேரில பாடிட்டு வீட்டுக்குத் திரும்பற வழில. கூட கௌபாய் கோபஸ், ஹாக்‌ஷா ஹாக்கின்ஸ்னு ரெண்டு பாடகர்கள், பிளேன் ஓட்டினது பேட்ஸியோட மேனேஜர் ரேண்டி ஹியூஸ். நாலு பேரும் போய்ட்டாங்க.

இவ்வளவு தெரிஞ்சா போதும், மீதி பாட்டோட பாட்டா வரும்.

சரியான ஆல்பத்தைக் கண்டுபிடிக்கிறது

புதுசா வர்றவங்க நிறைய பேர் வழுக்கற இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

ஸ்பாட்டிஃபைலயோ யூடியூப் மியூசிக்லயோ பேட்ஸி க்ளைன் ஹிட்ஸ்னு தேடினா வரிசையா வந்துக்கிட்டே இருக்கும், பெஸ்ட் ஆஃப், எசென்ஷியல், கோல்டு, எல்லாம் பேட்ஸி முகம் போட்ட கவர். எது எதுன்னு புரியாது. இவ்வளவு இருக்கறதுக்கு ரெண்டு காரணம்.

ஒண்ணு, அவங்க போட்ட முதல் காண்ட்ராக்ட். 1954ல ஃபோர் ஸ்டார்னு ஒரு கம்பெனியோட கையெழுத்து போட்டாங்க, அதுல இருந்த கண்டிஷன் என்னன்னா அந்தக் கம்பெனி கைல உரிமை இருக்கற பாட்டை மட்டும்தான் பாடணும். நல்ல பாட்டு வெளில எத்தனை இருந்தாலும் தொட முடியாது. 1960 வரைக்கும் இப்படியே 51 பாட்டு ரெக்கார்ட் பண்ணாங்க, பெரிய ஹிட்டுன்னு ஆனது அதுல ஒண்ணே ஒண்ணு, வாக்கின் ஆஃப்டர் மிட்நைட். பின்னாடி அந்த 51 பாட்டையும் கண்ட கண்ட சின்னக் கம்பெனிக்கெல்லாம் லைசன்ஸ் குடுத்துட்டாங்க, அவங்க அதை எடுத்து பத்து பத்தா பிரிச்சு மேல கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு எழுதி சல்லிசா வித்தாங்க. பழைய சிடி கடைல மலிவா கிடைக்கிற பேட்ஸி சிடில அவங்க பெரிய ஹிட்டான க்ரேஸியும் இருக்காது, ஐ ஃபால் டு பீசஸும் இருக்காது, மிட்நைட் மட்டும் இருக்கும், கூட கேள்விப்படாத ஒம்போது பாட்டு.

ரெண்டாவது, ஐரோப்பாக் காப்புரிமை. அங்க ரெக்கார்டிங்குக்கு முன்னாடி 50 வருஷம்தான் பாதுகாப்பு இருந்துச்சு, அப்புறம்தான் 70 ஆக்கினாங்க, ஆனா அதுக்குள்ள 1962 வரைக்கும் வெளியானது எல்லாம் ஏற்கனவே பொதுச் சொத்தாயிடுச்சு. அதனால 1962 வரைக்கும் வந்த பாட்டை அங்க யார் வேணா தொகுத்துப் போடலாம், போடறாங்க.

இதுல இருந்தே ஒரு சுலபமான செக் கிடைக்குது. லிஸ்ட்ல ஸ்வீட் ட்ரீம்ஸும் ஃபேடட் லவ்வும் இருக்கான்னு பாருங்க. ரெண்டும் அவங்க இறந்தப்புறம் 1963ல வந்த ரெக்கார்டு, அதனால பொதுச் சொத்துத் தொகுப்புல பெரும்பாலும் சிக்காது. கூடவே க்ரேஸி, ஐ ஃபால் டு பீசஸ், ஷீஸ் காட் யூ மூணும் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம், அது டெக்காவோட மாஸ்டர்ல, அதாவது ஒரிஜினல் டேப்ல இருந்து வந்ததுதான். டெக்கா பேரு பின்னாடி எம்சிஏ ஆயிடுச்சு, இப்போ யுனிவர்சல் கைல இருக்கு, அதனால கீழ சின்ன எழுத்துல எம்சிஏன்னோ யுனிவர்சல்னோ இருந்தாலும் சரியான இடம்தான். இதே ஆல்பத்தை 1988ல 12 கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு பேர் மாத்தி சிடியா விட்டாங்க, அதுவும் இதுவும் ஒண்ணுதான், ரெண்டையும் வாங்கி வெக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 1980கள்ல பேட்ஸி குரலை மட்டும் வெச்சுக்கிட்டு பின்னாடி புதுசா வாத்தியம் வாசிச்சு சேத்த ரெக்கார்டிங் கொஞ்சம் வந்துச்சு. 1985ல ஜெசிகா லாங் நடிச்சு ஸ்வீட் ட்ரீம்ஸ்னு ஒரு படம் வந்துச்சே, அதுக்கு விட்ட சவுண்ட்ட்ராக்கும் அந்த மாதிரி பின்னணி மாத்தினதுதான். குரல் அவங்களோடதே, ஆனா சுத்தி இருக்கற ரூம் வேற. அதை முதல்ல கேட்டுட்டா ஒரிஜினல் வெறிச்சுன்னு இருக்கற மாதிரி தோணும், அதனால முதல்ல ஒரிஜினல் கேளுங்க.

எல்பி வாங்கற ஆசை இருந்தா இந்த ஆல்பம் மோனோ, ஸ்டீரியோ ரெண்டுலயும் வந்திருக்கு, டெக்கா ரெக்கார்டுல போட்டிருக்கற கேட்டலாக் நம்பருக்கு முன்னாடி 7 சேந்திருந்தா ஸ்டீரியோ. ஆரம்பத்துலயே எதுக்கு அவ்வளவு செலவு, ஃபோன்ல ஒரு சுமாரான ஹெட்ஃபோன் போதும். ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, பேஸ் காணாம போய்டும், இந்த ரெக்கார்டிங்ல பாதி விஷயமே அடியில ஓடற பேஸ்தான்.

எந்த வரிசைல கேக்கறது

ஆல்பம் வரிசைப்படி போகாதீங்க. அதுல ரெண்டாவது பாட்டே ஸ்வீட் ட்ரீம்ஸ், அவங்க கடைசி கடைசியா பாடினது, அடுத்தது க்ரேஸி, அதுக்கப்புறம்தான் அதுக்கு முந்தின ஐ ஃபால் டு பீசஸ். குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு. இந்த ஆல்பம் மேல எனக்கு இருக்கற ஒரே குறை இதுதான். நீங்களே ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு வருஷ வரிசைல அடுக்கிக்கோங்க, அப்போ ஒரு குரல் எங்க ஆரம்பிச்சு எங்க போய் நின்னுச்சுன்னு காதுக்கே தெரியும்.

முதல்ல வாக்கின் ஆஃப்டர் மிட்நைட். 1956 நவம்பர்ல ரெக்கார்ட் பண்ணது, பேட்ஸிக்கு இந்தப் பாட்டு புடிக்கவே இல்ல, அந்த டிவி ஷோல பாட வெச்சு ஹிட்டாயிடுச்சு, அமெரிக்க ஹிட் வரிசைல கன்ட்ரி லிஸ்ட்ல 2வது இடம், பாப் லிஸ்ட்ல 12. நடு ராத்திரில ஒருத்தி ரோட்ல தனியா நடந்து தேடிக்கிட்டுப் போறா, அவ்வளவுதான் விஷயம். இதுக்கு ரெண்டு வெர்ஷன் உண்டு. 1956ல ஸ்டீல் கிட்டார் அழுதுக்கிட்டே வர்றது ஒண்ணு, 1961ல டெக்காவுக்காக பின்னாடி கோரஸ் வெச்சு திரும்பப் பாடினது இன்னொண்ணு. தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். பின்னாடி ஆம்பளைங்க குரல் கூட்டமா ஊ, ஆன்னு கேட்டா நீங்க கேக்கறது 1961. ரெண்டையும் தேடி அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, அஞ்சு வருஷத்துல கன்ட்ரி மியூசிக் சவுண்டே எப்படி மாறுச்சுன்னு இதைவிட சீக்கிரமா எந்தப் புத்தகமும் சொல்லாது.

அந்த மாற்றத்துக்குப் பேருதான் நேஷ்வில் சவுண்ட், நேஷ்வில்ங்கறது டென்னசி மாநிலத்துல கன்ட்ரி மியூசிக்குக்கே தலைநகர் மாதிரி இருக்கற ஊர். ஃபிடில், ஸ்டீல் கிட்டார் எல்லாம் பின்னாடி தள்ளிட்டு, பியானோ, வயலின் கூட்டம், மெதுவான கோரஸ்னு வழவழன்னு ஆக்கினது. ஓவன் பிராட்லின்னு ஒரு ப்ரொட்யூசர், நேஷ்வில் 16வது அவென்யூல குவான்செட் ஹட்னு சொல்ற தகரக் கொட்டகை ஸ்டூடியோல இதைப் பண்ணார். ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி வியாபாரத்தை அடிச்சுக்கிட்டிருந்த நேரம், டவுன்ல இருக்கறவங்களும் வாங்கணும்னா பட்டிக்காட்டு வாடை கொறையணும்னு கணக்கு. பழைய ரசிகர்கள் இதைத் திட்டித் தீத்தாங்க. பேட்ஸிக்கும் கௌபாய் பாட்டு, யோடலிங்னு குரலை சட்டுசட்டுன்னு மேலயும் கீழயும் உடைச்சுப் பாடறதுன்னுதான் ஆசை, கோரஸ் பாடற ஜோர்டனேர்ஸ் தன் குரலை அமுக்கிடுவாங்கன்னு ஒரே கவலை. அந்தக் கவலைக்கு அவசியமே இல்லன்னு அடுத்த பாட்டுலயே தெரிஞ்சுடும்.

ஐ ஃபால் டு பீசஸ், 1960 நவம்பர் ரெக்கார்டிங், டெக்காவுக்கு மாறினதும் வந்த முதல் சிங்கிள். ஹேங்க் காக்ரனும் ஹார்லன் ஹவர்டும் எழுதினது, பாடகி பிரெண்டா லீ வேண்டாம்னுட்டாங்க, பாடகர் ராய் ட்ரஸ்கியும் வேண்டாம்னுட்டார், சுத்திச் சுத்தி பேட்ஸிகிட்ட வந்துச்சு. இதுல முதல் தடவை பாட்டைக் கேளுங்க, ரெண்டாவது தடவை குரலை விட்டுட்டு கீழ ஓடற பேஸை மட்டும் புடிங்க. டிக் டிக்னு ஒரு முனை கேக்குதா, அது ரெண்டு வாத்தியம் சேந்தது, பெரிய ஸ்டாண்டிங் பேஸும் அதே நோட்டை ஒட்டி வாசிக்கிற ஆறு கம்பி பேஸ் கிட்டாரும், இதுக்கு நேஷ்வில்காரங்க வெச்ச பேரே டிக்-டாக் பேஸ். அந்த ஆறு கம்பி கிட்டாரை வாசிச்சது ஓவன் பிராட்லியோட தம்பி ஹாரல்ட். பாட்டு சோகம், ஆனா தாளம் கால் ஆட்ட வெக்கும். இந்த முரண் புடிச்சுப் போச்சுன்னா நீங்க கன்ட்ரி ரசிகர் ஆயாச்சு.

இந்தப் பாட்டு மெதுவா லிஸ்ட்ல ஏறிக்கிட்டு இருந்தப்பதான் 1961 ஜூன் 14ல நேஷ்வில்ல கார் மோதி பேட்ஸி கண்ணாடியைப் பிச்சுக்கிட்டு வெளில விழுந்தாங்க. நெத்தில பெரிய வெட்டு, மணிக்கட்டு உடைஞ்சது, இடுப்பு மூட்டு நழுவிடுச்சு, ஒரு மாசம் ஆஸ்பத்திரி. அப்போ ஊருக்குப் புதுசா வந்திருந்த பாடகி லொரெட்டா லின் ரேடியோ ஷோல இதே பாட்டைப் பாடி ஆஸ்பத்திரில இருக்கற பேட்ஸிக்குன்னு சொன்னாங்க, அதுல இருந்து ரெண்டு பேரும் உயிர்த் தோழிங்க. ஆகஸ்ட்ல பாட்டு நம்பர் ஒண்ணு.

அதே ஆகஸ்ட் 21, ஊன்றுகோலோட ஸ்டூடியோவுக்கு வந்தாங்க, க்ரேஸி ரெக்கார்டிங். எழுதினது வில்லி நெல்சன், அப்போ அவர் பேர் வெளில யாருக்கும் தெரியாது. பாட்டைக் காட்டறதுக்காக அவரே பாடின டெமோ டேப்ல அவர் பாடற விதம் ஒரு மாதிரி, தாளத்துல நிக்காம முன்னாடி பின்னாடி போய் பேசற மாதிரியே பாடுவார், பேட்ஸிக்கு அதைப் புடிக்கவும் இல்ல, எப்படிப் பாடறதுன்னு புடிபடவும் இல்ல. அதோட விலா எலும்பு வலி, மேல் ஸ்தாயிக்கு மூச்சு புடிக்க முடியல. மூணு மணி நேரத்துல மூணு நாலு பாட்டு முடிக்கிற ஊர்ல ஒரே பாட்டுக்கு ஒரு முழு செஷன் போய்டுச்சு, அப்பவும் குரல் ஓகே ஆகல. பிராட்லி வாத்தியத்தை மட்டும் டேப்ல எடுத்து வெச்சுட்டு அனுப்பிட்டார், வலி கொறஞ்சப்புறம் திரும்ப வந்து பாடிக் குடுத்துட்டாங்க, அதுவும் ஒரே டேக்ல.

இப்போ இதைத் தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க. ஃப்ளாய்ட் க்ரேமர் பியானோல ஒரு நோட்டைத் தொட்டு அடுத்ததுக்கு சறுக்கறது, நம்ம காதுக்கு கிட்டத்தட்ட ஒரு சின்ன கமகம் மாதிரியே இருக்கும், அவருக்கே உரிய ஸ்டைல் அது. குரல் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் லேட்டா எடுக்கும், தாளம் போனப்புறம் நிதானமா வந்து சேரும். கடைசிப் பகுதில சுருதி அரை ஸ்தானம் மேல ஏறும், ஏறினதே தெரியாது, ஆனா உடம்பு சிலுக்கும். கன்ட்ரில 2, பாப்ல 9. வில்லி நெல்சன் வாழ்க்கையே இதுல இருந்து மாறுச்சு.

அடுத்தது ஷீஸ் காட் யூ, 1962ல நம்பர் ஒண்ணு. பழைய காதலனோட போட்டோ, அவன் குடுத்த ரெக்கார்டு, மோதிரம் எல்லாம் என்கிட்ட இருக்கு, ஆள் மட்டும் இன்னொருத்திகிட்டன்னு ஒவ்வொரு சாமானா எண்ணிக்கிட்டு வர்ற பாட்டு. கன்ட்ரி பாட்டு எழுதறது எப்படின்னு யாருக்காவது காட்டணும்னா இதைத்தான் காட்டணும், பெரிய தத்துவம் ஒண்ணும் கிடையாது, மேஜை மேல இருக்கற சாமான்தான்.

நடுவுல இருக்கற 1962 பாட்டுங்களை வேகமா பாத்துடலாம். ஸ்ட்ரேஞ்ச், ஷீஸ் காட் யூ ரெக்கார்டோட பின்பக்கம் வந்தது. ஸோ ராங், என்னைக் கேட்டா யாரும் கண்டுக்காத நல்ல பாட்டு, எழுதின மூணு பேர்ல ராக் அண்ட் ரோல் பாடகர் கார்ல் பெர்கின்ஸும் ஒருத்தர், ப்ளூஸ் வாசனை தூக்கலா இருக்கும். வை கான்ட் ஹி பி யூ அழகான பாட்டு. பேக் இன் பேபீஸ் ஆர்ம்ஸ் மட்டும்தான் இந்த ஆல்பத்துல சந்தோஷமா துள்ளறது. யூ ஆர் ஸ்ட்ராங்கர் தேன் மீ முதல் ரவுண்டுல விட்டாலும் ஒண்ணும் குடி முழுகாது. லீவின் ஆன் யுவர் மைண்ட் அவங்க உயிரோட இருந்தப்ப வெளிவந்த கடைசி சிங்கிள், 1963 ஜனவரி.

கடைசியா ரெண்டு. 1963 பிப்ரவரி 4ல ஃபேடட் லவ், 5ல ஸ்வீட் ட்ரீம்ஸ், அடுத்தடுத்த நாள் ரெக்கார்டிங். சரியா ஒரு மாசத்துல ஆள் இல்ல. ஃபேடட் லவ், பாப் வில்ஸோட பழைய டெக்ஸஸ் டான்ஸ் பாட்டு, அதை அப்படியே நிறுத்தி நிதானமாக்கி வெச்சிருக்காங்க. முடிவுல ஹெட்ஃபோன் வால்யூம் கொஞ்சம் ஏத்துங்க, கடைசி வார்த்தைக்கு முன்னாடி மூச்சு இழுக்கற சத்தம் தெளிவா கேக்கும், விம்மலா மூச்சான்னு சொல்ல முடியாது. பிராட்லி அதை வெட்டாம விட்டுட்டார். ஸ்வீட் ட்ரீம்ஸ் டான் கிப்சன் எழுதினது, வயலின் கூட்டத்தோட சட்டுன்னு ஆரம்பிக்கும், இதுல நாட்டுப்புறம்னு சொல்ல வாத்தியத்துல ஒண்ணுமே மிச்சமில்ல, குரல்ல மட்டும் இருக்கு, வார்த்தை உடையற இடத்துல.

ரெண்டு மூணு தடவை இப்படி ஓடினப்புறம் வேணா ஆல்பம் வரிசைல கேளுங்க, இப்போ குலுக்கல் உங்களை ஒண்ணும் பண்ணாது.

அடுத்து என்ன

புடிச்சிருந்தா ஷோகேஸ் ஆல்பம் முழுசா கேளுங்க, க்ரேஸியும் ஐ ஃபால் டு பீசஸும் அதுலதான் இருக்கு, கூட இருக்கறதும் மட்டமில்ல. மேடைல எப்படி இருந்தாங்கன்னு தெரியணும்னா லைவ் அட் தி சிமரான் பால்ரூம், 1961 ஜூலை 29ல டல்ஸால பாடினது, ஆக்சிடெண்ட் ஆகி ஆறு வாரத்துல, டேப் எங்கயோ கிடந்து 1997லதான் வெளில வந்துச்சு. ஸ்டூடியோல மெழுகு மாதிரி இருக்கற ஆள் இதுல ராக் அண்ட் ரோல் கணக்கா உறுமுவாங்க, நடுவுல பேச்சும் கிண்டலும் வேற. எல்லாமே வேணும்னா 1991ல 104 பாட்டோட நாலு சிடி பாக்ஸ் செட் வந்திருக்கு, ஃபோர் ஸ்டார் காலத்துப் பாட்டும் அதுல இருக்கு. ஆனா அதை முதல்லயே எடுக்காதீங்க, திகட்டிடும்.

வேற பாடகர்ங்க பக்கம் போறவங்க லொரெட்டா லின் 1977ல பேட்ஸி நினைவா போட்ட ஐ ரிமெம்பர் பேட்ஸி கேக்கலாம், அதே பாட்டுங்க வேற குரல்ல எப்படி மாறுதுன்னு பாக்கலாம். நேஷ்வில் வழவழப்புக்கு முன்னாடி கன்ட்ரி எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸோட 40 கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், 1978ல வந்த டபுள் ஆல்பம், அங்க ஸ்டீல் கிட்டாரும் ஃபிடிலும் கொஞ்சமும் வெக்கப்படாது.

அப்புறம் இன்னொரு கன்ட்ரி பாடகர், ஜிம் ரீவ்ஸ். இவர் பேரு இலங்கைலயும் நம்ம பக்கத்துல கிறிஸ்துமஸ் பாட்டு போடற வீடுகள்லயும் ரொம்பப் பழக்கம், அவரும் 1964ல பிளேன் விழுந்துதான் இறந்தார். அவரும் பேட்ஸியும் சேந்து பாடின ஹேவ் யூ எவர் பீன் லோன்லின்னு ஒரு டூயட் தேடறப்ப கண்டிப்பா கண்ணுல படும். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாடினதுன்னு நெனச்சுக்காதீங்க, ரெண்டு பேரும் இறந்து பல வருஷம் கழிச்சு 1981ல தனித்தனி டேப்பை ஒட்டி கம்பெனிக்காரங்க பண்ண வேலை அது. ஒட்டு அவ்வளவா தெரியாது, கேக்க நல்லாவே இருக்கும், ஆனா அதை உங்க வருஷ வரிசை ப்ளேலிஸ்ட்ல சேத்துடாதீங்க.